வள்ள இயந்திரத்தின் புகைக்குழாய்ச் சூடு: எச்சரிக்கை மணி வாங்குமுன்

வயலில் இயந்திரம் பழகியவர்களுக்கு அது சூடாவது கண்ணுக்குத் தெரிகிற விடயம். லாண்ட்மாஸ்ரரின் தண்ணீர்த் தொட்டியில் நீர் வற்றினால் சிவப்பு மிதவை கீழே இறங்கும், ஆவி பறக்கும். ஓட்டுபவர் நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவார். மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் காற்றில் ஆறுவது. வரப்பில் இருப்பவருக்கு அதன் சத்தம் மாறுவதே போதும். எது நடந்தாலும் இயந்திரம் நிற்கிற இடம் நிலம். இன்று முடியாவிட்டால் நாளைக்குத் திருத்தலாம்.

காணியை விட்டு வந்து கரையோரத்தில் தங்க நேர்ந்த கமக்காரக் குடும்பங்களில் சிலர் கடற்றொழிலில் கூலிக்குப் போகிறார்கள். சிலர் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து கடன் எடுத்து வள்ளம் வாங்குகிறார்கள். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறிய படகென்றால் இந்தப் பாடம் அவர்களுக்கு அதிகம் உதவாது. அதில் இயந்திரத்தின் பின்புறம் ஒரு சிறு துளையால் தண்ணீர் பீச்சிக்கொண்டிருக்கும். அது நின்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். நாம் இங்கே பேசப்போவது தட்டுக்குக் கீழே டீசல் இயந்திரம் பூட்டிய வள்ளங்களைப் பற்றி: மூன்றரைத் தொன் படகு என்று பெயர் பெற்ற 28 அடிப் படகு தொடக்கம் பலநாட் கலம் வரை. இவற்றில் இயந்திரம் கண்ணுக்கு மறைவாகக் கிடக்கிறது. சூடு ஏறுவதை நாம் காண்பதில்லை. காணும் நேரத்தில் கடன் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இதற்காக விற்கப்படும் பொருள்தான் புகைக்குழாய்ச் சூட்டு எச்சரிக்கை மணி. கடைகளில் எக்ஸோஸ்ற் அலாரம் என்று கேட்க வேண்டும். சிறிய பொருள்தான். ஆனால் பிழையானதை வாங்கினால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். எனவே இயந்திரம் எப்படி ஆறுகிறது என்பதில் இருந்து தொடங்குவோம்.

தண்ணீர் போகும் வழி

வள்ளத்தின் அடியில் ஒரு துளை உண்டு. அதற்கு ஒரு வால்வு. அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. முதலில் ஒரு வடியைத் தாண்டுகிறது. பிறகு ஒரு பம்பு. இந்தப் பம்பின் உள்ளே றப்பரால் செய்த சிறு சக்கரம் சுற்றுகிறது. இதை இம்பெல்லர் என்பார்கள். அதன் இதழ்கள் வளைந்து நிமிர்ந்து தண்ணீரைத் தள்ளும். அந்தத் தண்ணீர் சில இயந்திரங்களில் நேரடியாக இயந்திரத்தின் உடலுக்குள் போகிறது. வேறு சிலவற்றில் கூலர் எனப்படும் வெப்பமாற்றிக்குள் போய், அங்கே இயந்திரத்துக்குள் சுற்றும் நல்ல நீரை ஆற்றிவிட்டு வெளியே வருகிறது.

இதுவரை லாண்ட்மாஸ்ரருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இனித்தான். இயந்திரத்தை ஆற்றிய அதே கடல்நீர், வெளியே போகுமுன் புகைக்குழாய்க்குள் பாய்ச்சப்படுகிறது. இயந்திரத்தில் இருந்து புகை வெளிவரும் இடத்தில் முழங்கை போல வளைந்த ஓர் இரும்புக் குழாய் இருக்கும். எல்போ என்பது இதைத்தான். அதற்குள் புகையும் தண்ணீரும் கலக்கின்றன. நல்ல சுமையில் ஓடும் டீசல் இயந்திரத்தின் புகை 400 முதல் 550 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும். தண்ணீர் கலந்த பின் அதே புகை 45 முதல் 60 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் முழங்கைக்கு அப்பால் இரும்புக் குழாய் இல்லாமல் றப்பர்க் குழாயும், சில வள்ளங்களில் பிளாஸ்ரிக் அல்லது கண்ணாடிநார்ச் சைலன்சரும் பூட்ட முடிகிறது. வீட்டில் அடுப்புக்கு மேலே ஓலைக் கூரை நிற்பது போலத்தான். இடையில் உள்ள ஒன்று நெருப்பைத் தடுத்துக்கொண்டிருக்கும் வரை கூரை நிற்கும்.

அந்த இடையில் உள்ள ஒன்று தண்ணீர். அது நின்றால் நானூறு பாகைப் புகை நேரே றப்பரில் அடிக்கிறது. கடல் இயந்திரங்களுக்கான நல்ல புகைக்குழாய்க்கு எஸ்.ஏ.ஈ. ஜே 2006 என்றொரு அமெரிக்கத் தரக்கட்டளை உண்டு. தண்ணீர் முற்றாக நின்ற நிலையில் குழாய் இரண்டு நிமிடம் உடையாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நல்ல குழாய்க்கே இரண்டு நிமிடம் என்றால், வயலுக்கு நீர் இறைக்கும் சாதாரணக் குழாயை வெட்டிப் பூட்டியிருக்கும் வள்ளத்தின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். பழுதாகும் குழாயால் மூன்று ஆபத்துகள். ஒன்று தீ. இன்னொன்று, வெடித்த குழாயின் வழியாகப் பின்பக்க அலை உள்ளே வந்து வள்ளம் நீர் எடுப்பது. மற்றது, புகை தட்டின் கீழே நிறைவது. பலநாட் கலத்தில் அங்கேதான் ஆட்கள் படுப்பார்கள்.

தண்ணீர் ஏன் நிற்கிறது? பெரும்பாலும் அற்பக் காரணம். கடலில் மிதக்கும் சொப்பிங் பை துளையில் ஒட்டிக்கொள்ளும். களப்புப் பக்கம் சாதாளையும் சேறும் வடியை அடைக்கும். சொறி நிறைந்த காலத்தில் வடி கூழாகிப்போகும். காலையில் வால்வைத் திறக்க மறப்பதும் உண்டு. பட்டி அறுவதும் உண்டு. தண்ணீர் இல்லாமல் சுற்றும் இம்பெல்லர் ஓரிரு நிமிடத்தில் எரிந்து இதழ் இதழாகக் கழன்றுவிடும். பிறகு பையை எடுத்து எறிந்தாலும் தண்ணீர் வராது.

சிவப்பு விளக்கு இருக்கிறதே?

இயந்திரத்தோடு வரும் சூட்டு மீற்றரோ சிவப்பு விளக்கோ இருக்கும்போது இன்னொரு மணி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடன்பட்டுச் செலவழிப்பவர் கேட்கத்தான் வேண்டும்.

இயந்திரத்தோடு வரும் உணரி, இயந்திரத்துக்குள் இருக்கும் நீரின் சூட்டைப் பார்க்கிறது. கடல்நீர் நின்றவுடன் அந்த நீர் சூடாவதில்லை. பெரிய இரும்புக் கட்டியும் அதற்குள் பல லீற்றர் நீரும் சூடேறச் சில நிமிடங்கள் பிடிக்கும். பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் புகைக்குழாய் அப்படியல்ல. அதற்குள் இருந்த தண்ணீர் வடிந்த கணத்தில் இருந்து சூடேறத் தொடங்குகிறது. முதலில் தெரிவது புகைக்குழாயில்தான். அதன் பிறகே சிவப்பு விளக்கு. இடையில் உள்ள அந்தச் சில நிமிடங்களுக்குள் இம்பெல்லர் போய்விடும், குழாய் கருகிவிடும். விளக்கு எரியும்போது சிலவேளை சிலிண்டர்த் தலையும் வளைந்திருக்கும்.

இன்னொரு விடயம் உண்டு. வெப்பமாற்றி உள்ள இயந்திரத்தில் உள்ளிருக்கும் நல்ல நீர் ஒழுகிப்போனால், உணரி நீரில் நில்லாமல் வெறுவெளியில் நிற்கும். அப்போது மீற்றர் சரியான சூட்டைக் காட்டாமல் அமைதியாக இருந்துவிடலாம். இதற்குப் புகைக்குழாய் மணியும் மருந்தல்ல. ஏனென்றால் கடல்நீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே ஒன்று மற்றதற்குப் பதிலாகாது. தினமும் காலையில் நீர் மட்டம் பார்க்கும் பழக்கத்தை எந்த மணியும் ஈடுசெய்யாது.

பின்பக்கம் எட்டிப்பார்த்து, புகையோடு தண்ணீர் வருகிறதா என்று கவனிப்பது பழைய முறை. நல்ல முறைதான், தொடங்கியவுடன் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஆனால் சுக்கான் பிடிப்பவர் முன்னேதான் பார்ப்பார். இரவில் அது தெரியாது. தண்ணீர் பாதியாகக் குறைந்தாலும் துப்பித் துப்பி வந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது.

ஒரே பெயரில் இரண்டு பொருட்கள்

கடையில் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில். புகைச்சூட்டு அலாரம் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு பொருட்கள் விற்கப்படுகின்றன.

ஒன்று, மேலே சொன்ன ஈரப் புகைக்குழாய்க்கானது. அது 100 பாகைக்குக் கீழே வேலை செய்வது. முழங்கைக்கு அப்பால், றப்பர்க் குழாயின் மேல் கட்டப்படுவது. தண்ணீர் வருகிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது.

மற்றது, புகை நீர் கலக்குமுன் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அளப்பது. பைரோமீற்றர் என்பது இதன் பெயர். இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்பவிணை என்னும் ஊசி, இயந்திரத்தின் புகைவாயிலில் துளையிட்டுப் பொருத்தப்படும். இது 700, 800 பாகை வரையும் அளக்கும். தண்ணீரைப் பற்றி இது எதுவும் சொல்லாது; இயந்திரம் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பதைத்தான் சொல்லும்.

பெரிய கப்பல்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக இந்த இரண்டாவது வகை பூட்டி, ஒன்று மற்றவற்றில் இருந்து விலகினால் மணி அடிக்கும்படி வைத்திருப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு, விலை கூடியதே நல்லது என்று எண்ணி, 28 அடிப் படகுக்குப் பைரோமீற்றர் வாங்க வேண்டாம். உங்கள் வள்ளத்தின் பின்பக்கத்தால் புகையோடு தண்ணீர் வந்தால் உங்களுக்கு வேண்டியது முதலாவது வகை. காசு மிஞ்சினால் மற்றதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

கடையில் நின்று கேட்க வேண்டியவை

முதற் கேள்வி: எத்தனை பாகையில் அடிக்கும்? மலிவான வகையில் இது மாற்ற முடியாத ஓர் எண். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு சிறு வட்டத் தகடு இருக்கிறது. குறித்த சூட்டில் அது படக்கென்று மறுபக்கம் வளைந்து சுவிச்சை இயக்கும். 74 பாகை வகை பரவலாகக் கிடைக்கும். அமெரிக்கத் தயாரிப்பில் 165 என்று பொறித்திருந்தால் பயப்பட வேண்டாம். அது பரனைற் பாகை, நமது கணக்கில் அதே 74 தான்.

எந்த எண் நல்லது என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. உங்கள் வள்ளம்தான் சொல்லும். எமது கடல் 27, 28, 30 பாகை என்று எப்போதும் வெதுவெதுப்பானது. குளிர்தேசத்தில் பத்துப் பாகைக் கடல்நீரை உறிஞ்சும் இயந்திரத்தின் புகைக்குழாய் கையால் பிடிக்கக்கூடியதாக இருக்கும். இங்கே அதே இயந்திரத்தின் குழாய் அதைவிடச் சூடாகவே ஓடும். ஆகவே அங்கே 60 பாகையில் அடிக்க வைத்த மணி இங்கே காரணமில்லாமல் அடித்துக்கொண்டிருக்கும். காரணமில்லாமல் அடிக்கும் மணியை யாரும் ஒரு கிழமைக்கு மேல் பொறுக்க மாட்டார்கள். வயரைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு அது இருப்பதையே மறந்துவிடுவார்கள். அடிக்காத மணியைவிட இது மோசம் என்பது எமது எண்ணம். அடிக்காத மணியையாவது சிலர் சோதித்துப் பார்ப்பார்கள்.

எனவே வாங்குமுன் அளந்து பாருங்கள். வழக்கமான பாரத்தோடும் வழக்கமான வேகத்தோடும் அரை மணித்தியாலம் ஓடிய பின், முழங்கையில் இருந்து ஒரு சாண் தள்ளி, றப்பர்க் குழாயின் மேற்புறத்தில் சூட்டை அளக்க வேண்டும். மெக்கானிக்மாரிடம் தொடாமல் அளக்கும் துவக்குப் போன்ற கருவி இருந்தால் இரவல் வாங்கலாம். அந்த எண்ணோடு ஒரு பதினைந்து, இருபதைக் கூட்டினால் வருவது உங்கள் மணியின் எண். சாதாரணமாக 50, 55 வரும். 74 பாகை மணி பொருந்தும். அளந்தபோதே 70 க்கு மேல் வந்தால் மணி வாங்கும் காசை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற்கெனவே குறைவாக வருகிறது என்பதே அதன் பொருள். வடியையும் இம்பெல்லரையும், முக்கியமாக முழங்கையையும் கழற்றிப் பார்க்க வேண்டும். முழங்கைக்குள் உப்பும் கரியும் சேர்ந்து, சுண்ணாம்பு பிடித்த கேத்தலின் மூக்குப் போல ஓட்டை சுருங்கியிருப்பதைப் பல பழைய இயந்திரங்களில் காணலாம். மெல்ல மெல்ல ஏறும் சூட்டுக்கு அதுவே வழக்கமான காரணம்.

இரண்டாவது, உணரி எப்படிப் பூட்டப்படுகிறது? குழாயைச் சுற்றிப் பட்டியால் கட்டும் வகையும் உண்டு, குழாயில் துளையிட்டு உள்ளே நுழைக்கும் வகையும் உண்டு. துளையிடும் வகை சில விநாடி முந்திச் சொல்லும். ஆனால் புகைக்குழாயில் துளை என்பது நாளைக்கு ஒழுகும் இடம். பட்டி வகையே எங்கள் தெரிவு. அதைக் குழாயின் மேற்புறத்தில் கட்ட வேண்டும். தண்ணீர் குறையும்போது மிஞ்சிய நீர் குழாயின் அடியில் ஓடும். மேற்புறமே முதலில் காய்ந்து சூடேறும். அடியில் கட்டிய உணரி கடைசிவரை ஈரத்தில் நின்று பேசாதிருக்கும். இரும்பு முழங்கையோடு ஒட்டியும் கட்டக் கூடாது. இரும்பின் சூட்டுக்கே அடித்துவிடும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. நாம் அதையே அதிகம் கேட்கச் சொல்வோம்: வயர் அறுந்தால் என்ன நடக்கும்? சாதாரண வகையில் சூடேறும்போதுதான் மின்சுற்று மூடும். வயர் அறுந்தாலோ, உப்பில் பச்சை பிடித்து உதிர்ந்தாலோ மணி நிரந்தர ஊமை, யாருக்கும் தெரியாது. மற்ற வகையில் சுற்று எப்போதும் மூடியபடி இருக்கும். சூடேறினால் திறக்கும், உடனே மணி அடிக்கும். இதில் வயர் அறுந்தாலும் மணி அடிக்கும். கூட்டமாக வாழும் வீட்டில் பிள்ளை அழுதால் ஓடிப்பார்ப்போம். ஊமையான பிள்ளையை யார் பார்ப்பது? கிடைத்தால் இரண்டாவது வகையை வாங்குங்கள். விற்பவர் அதில் சோதனைப் பொத்தான் இருக்கிறது என்பார். பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும். ஆனால் பல மலிவான கருவிகளில் அந்தப் பொத்தான் மணியை மட்டுமே சோதிக்கிறது, உணரி வரை போகும் வயரைச் சோதிப்பதில்லை. உணரியின் வயரைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பார்க்கக் கேளுங்கள். அப்போதும் வழக்கம்போலச் சத்தம் மட்டும் வந்தால் அந்தப் பொத்தானை நம்ப முடியாது.

சத்தம் பற்றி. கடையின் அமைதியில் காதைப் பிளக்கும் மணி, டீசல் இயந்திரத்தின் பக்கத்தில் முணுமுணுப்புத்தான். மணி இயந்திரப் பெட்டிக்குள் அல்ல, சுக்கான் பிடிப்பவரின் தலைக்குக் கிட்ட இருக்க வேண்டும். கூடவே ஒரு சிவப்பு விளக்கும் இருந்தால் நல்லது. நீர் புகாத உறை என்று சொல்வதை அப்படியே நம்பாமல், தெறிக்கும் நீர் படாத இடத்தில் பூட்டுங்கள்.

மின்சாரம் 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்பதை உங்கள் பற்றரியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வடக்கில் பற்றரிக்கே தடை இருந்த 1990களில் இந்தப் பாடத்துக்கே வேலை இருந்திராது. கையால் சுற்றித் தொடங்கும் இயந்திரம் என்றாலும் இரவுத் தொழிலுக்கு விளக்குப் பற்றரி இருக்கும். அதில் இருந்து எடுக்கலாம். வயரை இயந்திரச் சாவிக்குப் பின்னால், ஒரு சிறு பியூசுடன் கொடுத்தால் சாவி திருப்பும்போது தானாகவே விழித்துக்கொள்ளும். தனிச் சுவிச் வைத்தால் ஒருநாள் போட மறப்பீர்கள். வீட்டு வயர் வேண்டாம். வெள்ளீயம் பூசிய செப்பு வயர் விலை கூடியதுதான், ஆனால் உப்புக்கு நிற்பது அதுதான்.

விலையைப் பற்றிப் பங்காளிகளுக்குள் பேச்சு வரும். வலை கிழிந்திருக்கும்போது மணிக்குக் காசா என்பார்கள். ஒரு சிலிண்டர்த் தலையை மட்டம் எடுத்துக் காஸ்கெற் மாற்றும் செலவையும், அது முடியும் வரை தொழிலுக்குப் போகாத நாட்களையும், அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய கடன் தவணையையும் கொப்பியில் எழுதிப் பாருங்கள். இந்தக் கணக்கை வீட்டுச் செலவு பார்க்கும் பெண்களும் சேர்ந்து இருந்து போடுவது நல்லது. தவணைக்கு ஆள் வரும்போது படலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

உலர்ந்த புகைக்குழாய் உள்ளவர்களுக்கு

சில பலநாட் கலங்களில் புகைக்குழாய் தண்ணீர் கலக்காமல் லொறியின் சைலன்சர் போல மேலே போகும். இவற்றில் பட்டிவகை மணி பயன்படாது. இங்கேதான் பைரோமீற்றருக்கு இடம் உண்டு, அதிலும் ரேர்போ உள்ள இயந்திரத்தில். ஊசியை ரேர்போவுக்கு முன்னால் பூட்டினால் உண்மையான சூடு தெரியும். பின்னால் பூட்டினால் எண் குறைவாகவே காட்டும், முழுச் சுமையில் நூறு பாகைக்கு மேலும் குறையலாம். ஆகவே எங்கே பூட்டியிருக்கிறது என்று தெரியாமல் பக்கத்து வள்ளக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். எல்லை எது என்பதை இயந்திரக் கைநூலில் பார்க்க வேண்டும். கைநூல் இல்லாத பழைய இயந்திரம் என்றால், வள்ளத்தின் அடி சுத்தமாக இருக்கும்போது வழக்கமான வேகத்தில் காட்டும் எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். அதே வேகத்தில் எண் ஏறினால் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கலாம், புறப்பெல்லர் பெரிதாக இருக்கலாம், காற்றுவடி அடைத்திருக்கலாம், ஊசிமுனை டீசலைச் சரியாகத் தெளிக்காமல் இருக்கலாம். கறுப்புப் புகையும் கூட வரும். டீசல் செலவும் கூடும்; அதைப் பங்குக் கணக்கிலேயே காணலாம்.

மணி அடித்தால்

ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விடயம் அல்ல இது. புதிதாகக் கடலுக்கு வந்த தம்பிக்கும் அந்தச் சத்தம் என்னவென்று தெரிய வேண்டும்.

முதலில் வேகத்தைக் குறைத்து நியூற்றலுக்கு எடுங்கள். ஒருவர் பின்பக்கம் பார்க்கட்டும். தண்ணீர் வரவில்லை என்றால் இயந்திரத்தை நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓடக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அலை உடையும் இடத்திலோ, பாருக்குக் கிட்டவோ, கப்பல் வரும் பாதையிலோ நின்றால், முதலில் அந்த இடத்தை விட்டு விலகும் வரை ஓடுங்கள். இயந்திரம் போனால் போகட்டும்; ஆட்கள் முக்கியம்.

நிறுத்திய பின் நங்கூரம். பிறகு வால்வு, வடி, பட்டி, இம்பெல்லர் என்ற வரிசையில் பாருங்கள். இது தண்ணீர் போகும் வரிசையேதான், பாடமாக்கத் தேவையில்லை. இம்பெல்லரில் இதழ் குறைந்திருந்தால் அந்தத் துண்டுகள் முன்னே போய்க் கூலரின் வாயை அடைத்திருக்கும். தேடி எடுக்காமல் புதியதைப் போட்டால் மறுபடி அதே கதை. புதியதைப் போடும்போது சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். கிறீஸ் வேண்டாம். ஒரு மேலதிக இம்பெல்லரும் அதைக் கழற்றும் சாவியும் வள்ளத்திலேயே இருக்க வேண்டும். வீட்டு அலுமாரியில் இருப்பதால் பயனில்லை.

சூடான இயந்திரத்தில் தண்ணீர் மூடியைத் திறக்கக் கூடாது. உடலில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. லாண்ட்மாஸ்ரரிலேயே இது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனி ஒன்று: தொடங்க மறுக்கும் இயந்திரத்தை வால்வு திறந்தபடி திரும்பத் திரும்ப ஸ்ராட் அடித்தால், பம்பு தள்ளும் கடல்நீரை வெளியே ஊதுவதற்குப் புகை இருக்காது. நீர் சைலன்சரில் நிறைந்து, பின்னோக்கி ஏறிச் சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். நீண்ட நேரம் சுற்ற வேண்டி வந்தால் வால்வை மூடிச் சுற்றி, இயந்திரம் பற்றிய கணமே திறக்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் றப்பர்க் குழாயைக் கழற்றி உள்ளே கை விட்டுப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே கருகி, உரிந்து தொங்கலாம். அப்படியானால் மாற்றத்தான் வேண்டும்.

அடுப்படியில் ஒரு பரிசோதனை

புதிதாக வாங்கிய மணியைப் பூட்டுமுன்னும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் இதைச் செய்யலாம். மணிப் பெட்டியையும் உணரியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பற்றரியில் இணையுங்கள். உணரியை மட்டும் மெல்லிய பொலித்தீன் உறையில் இட்டு வாயை நூலால் கட்டுங்கள். பெட்டி தண்ணீரில் இருந்து தள்ளியே இருக்கட்டும். முதலில் குளிக்கும் அளவு வெந்நீரில் உணரியை அமிழ்த்துங்கள். மணி பேசாதிருக்க வேண்டும். பிறகு அடுப்பில் இருந்து இறக்கிய கொதிநீரில் அமிழ்த்துங்கள். 74 பாகை மணி என்றால் ஒரு நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் நிற்க வேண்டும். பைரோமீற்றர் ஊசியையும் இப்படிச் சோதிக்கலாம்: கொதிநீரில் 100 க்குக் கிட்டக் காட்ட வேண்டும், எண் ஏறாமல் இறங்கினால் இரு வயர்களும் மாறிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

கடைசியாக உணரியின் ஒரு வயரைக் கழற்றிப் பாருங்கள். மணி அடித்தால் உங்களிடம் இருப்பது வயர் அறுந்தாலும் சொல்லும் வகை. அடிக்காவிட்டால் மற்ற வகை. அதை எறிய வேண்டாம், ஆனால் இந்தக் கொதிநீர்ச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றில்லாமல் மாதா மாதம் செய்யுங்கள். கொதிநீரிலும் அடிக்காத மணியைப் பற்றுச்சீட்டோடு அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். சோதனை முடிந்து வள்ளத்தில் திரும்பக் கட்டும்போது பொலித்தீன் உறையைக் கழற்ற மறக்க வேண்டாம். பட்டி, உணரி குழாயோடு ஒட்டி நிற்கும் அளவுக்கு இறுகினால் போதும்.